நாள் தாண்டியவர்கள்

தோழர்களே,

இந்த இதழின் தலையங்கம் பஞ்சமி நிலம் பற்றி இருக்கும் என்றுதான் கூட்டத்தில் பேசி முடித்திருந்தோம். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இப்போது விசா பற்றி எழுதுகிறேன். "நம்ம சனத்துக்கு ரேஷன் கார்டே ஒழுங்கா இல்ல, நீரு விசா பத்தி எழுதப் போறீராக்கும்?" என்று ஒரு தோழர் போனில் கடிந்துகொண்டார். ரேஷன் கார்டு ஒழுங்காக இல்லாதவன்தான் இன்றைக்கு விசா தேடி அலைகிறான் தோழர். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வங்கி எழுத்தன். நகைக்கடன் மேசையில் உட்கார்ந்திருப்பவன். எங்கள் சனங்களின் வாழ்க்கையில் என்ன நடக்கப்போகிறது என்பது ஊர்க்கூட்டத்துக்குத் தெரிவதற்கு முன்னால் இந்த மேசைக்குத் தெரிந்துவிடும். கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் பீஸ், சாவு எல்லாம் சங்கிலியாக, தோடாக முதலில் இங்கேதான் வந்து சேரும். படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் 'விவசாயம்' என்று எழுதிவிடுவது எங்கள் வழக்கம். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களை இப்படி நான் நூற்றுக்கணக்கில் விவசாயிகளாக்கி இருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்து ஆட்கள். அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய், பட்டை சீவி, சிரட்டையில் பால் எடுக்கிற வேலை. பையனுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது, அப்புறம் எழுதவில்லை. சங்கிலியை நிறுத்துக்கொண்டிருக்கும்போது பையன் கேட்டான்.

"அண்ணே, ஒரு காரியம் கேக்கணும். டூரிஸ்ட் விசாவுல போனா அங்க வச்சே நீட்டிச்சுக்கிடலாம்னு ஏஜென்ட் சொல்லுகாரு. ஒள்ளதாண்ணே?"

நான் தராசை நிறுத்திவிட்டேன். பின்னால் வரிசை நிற்கிறது, மேலாளர் எட்டிப் பார்க்கிறார். அந்த இடத்தில் வைத்து அவனுக்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'நீட்டிப்பு' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏஜென்ட் சொல்லும்போது அது பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுக்கிற மாதிரி இருக்கும். சட்டத்தில் அது ஒரு விண்ணப்பம். கொடுத்த நாள் முடிவதற்கு முன்பே அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையிடம் கேட்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். உரிமை என்று எவனும் கோர முடியாது. கொடுத்தாலும் அது இன்னும் சில நாள் சுற்றிப் பார்ப்பதற்கான அனுமதிதான். வேலை செய்வதற்கான அனுமதி அதில் முதல் நாளும் கிடையாது, நீட்டித்த நாளும் கிடையாது. ஆகவே டூரிஸ்ட் விசாவில் போய் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன், விசா காலாவதியான பிறகுதான் குற்றவாளி ஆகிறான் என்று நினைக்க வேண்டாம். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றும்போதே சட்டத்தின் பார்வையில் அவன் குற்றவாளி. ஏஜென்ட் இதைச் சொல்வதில்லை.

நாள் தாண்டினால் என்ன ஆகும்? நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஐக்கிய அரபு நாட்டில் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். ஒரு வருஷம் தாண்டினால் 18,250 திர்ஹம். திர்ஹத்துக்கு வெறும் 20 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே மூன்றரை லட்சத்துக்கு மேல். தாய்லாந்தில் நாளுக்கு 500 பாத், உச்சவரம்பு 20,000 பாத். அதோடு முடியாது. 2016 மார்ச் முதல் அங்கே தடைக்காலமும் உண்டு. 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் தானாகப் போய் ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் அந்த நாட்டுக்குள் வர முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டு போலீஸ் கையில் அகப்பட்டால் பத்து வருஷம். மலேசியாவின் குடிநுழைவுச் சட்டம் இன்னும் கொடூரம். நாள் தாண்டித் தங்கியவனுக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதியே இல்லாமல் நுழைந்தவனுக்கு ஆறு பிரம்படி வரை கொடுக்கவும் சட்டம் இருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டில் கூலிக்காரன் பிருஷ்டத்துக்குப் பிரம்பு! நம் ஊரில் ஆண்டைகள் புளிய மரத்தில் கட்டிவைத்து அடித்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியா போய் 30 நாள் தங்கலாம் என்று வந்தது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஏஜென்டுகளுக்கு அது திருவிழா. விசாவே வாங்கிக் கொடுக்காமல் 'விசா செலவு' வாங்குகிறார்கள்.

இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கிற தண்டனை. புத்தகத்தில் இல்லாததை என் சித்தப்பாவிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

சித்தப்பா 2006-இல் விசிட் விசாவில் ஷார்ஜா போனார். இரண்டு மாசத்தில் வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொன்னவன் மூன்றாம் மாசம் போனை எடுக்கவில்லை. கடன் இருந்தது, அதனால் திரும்பவில்லை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது அரசு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, கூட இருந்தவர்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்தக் கை இன்றைக்கும் நேராக நீளாது. கூலி கொடுக்காத மேஸ்திரியிடம் கேட்டால், "போலீஸ்ல போயி சொல்லு" என்று சிரிப்பானாம். 2007-இல் அந்த நாட்டில் பொதுமன்னிப்பு வந்தது. அபராதம் இல்லாமல் ஊர் போகலாம். ஆயிரக்கணக்கானோர் போனார்கள், சித்தப்பா போகவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னால் கேட்டேன். "மன்னிப்பு அவங்க அபராதத்துக்குத்தானடே, நம்ம ஊரு வட்டிக்காரனுக்கு யாரு மன்னிப்பு குடுப்பா?" என்றார். 2010-இல் பாட்டி இறந்தபோது செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாடையின் பக்கத்தில் வைத்தோம். அங்கிருந்து அவர் அழுதது ஒப்பாரிச் சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த பொதுமன்னிப்பு 2012 டிசம்பரில் வந்தது. 2013 பிப்ரவரியில் வெள்ளைத்தாள் பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கினார். ஆறேழு வருஷத்தில் ஊருக்குக் கொண்டு வந்தது ஒரு போர்வையும் அந்தக் கையும்.

தோழர்களே, இங்கே ஒரு கேள்வி. வெளிநாட்டுக்கு எல்லாச் சாதிக்காரனும்தான் போகிறான். நாள் தாண்டுகிறவன் மட்டும் ஏன் பெரும்பாலும் நம் ஆளாக, நம்மைப்போல ஏழ்மையில் கிடக்கிறவனாக இருக்கிறான்?

விடை கடவுச்சீட்டில் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவனுடைய கடவுச்சீட்டு 'இ.சி.ஆர்.' வகை. அதாவது வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு வேண்டாம். வருமான வரி கட்டுகிறவனுக்கும் வேண்டாம். நோக்கம் நல்ல நோக்கம்தான். படிக்காதவனை ஏமாற்றிவிடக் கூடாது, வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும், காப்பீடு எடுக்க வைக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட ஏற்பாடு. அந்தக் காப்பீட்டுக்குக் கட்டணம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் செத்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம். பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். மொத்தம் 35,400.

ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் இந்த ஒப்புதல் எதுவும் வேண்டாம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? பாதுகாப்பு யாருக்காக உண்டாக்கப்பட்டதோ, அவனையே அந்தப் பாதுகாப்பைத் தாண்டி அழைத்துப் போகிற குறுக்குவழிதான் டூரிஸ்ட் விசா. ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, இந்த நாட்டுப் பதிவேட்டில் அவன் வேலைக்குப் போனதற்கு அடையாளமே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவன் உல்லாசப் பயணி! கீரிப்பாறைப் பையனிடம் ஏஜென்ட் கேட்டது ஒரு லட்சத்து இருபதாயிரம். சட்டம் சொன்ன உச்சவரம்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

பத்தாம் வகுப்பு யார் தேறுகிறான், யார் தேறுவதில்லை என்பது இந்த நாட்டில் சாதியோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலம் தாய் மரத்துக்குப் போக, தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் படிக்கிற பையன் கணக்கில் போவான். அவன் போன பாடத்தை அரசாங்கம் அவன் கடவுச்சீட்டிலும் பதிந்து வைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீரிப்பாறைக்காரர்களுக்கு 'நாள் தாண்டுவது' இந்தத் தலைமுறையில் வந்த புதுச் சங்கதி அல்ல.

தடிக்காரன்கோணம் தாண்டி மேலே ஏறினால் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். 1984-இல் கழகம் தனி நிறுவனமானது. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கும் வேலை கொடுத்த இடம் இது. திரும்பி வந்தவர்கள் என்று சொல்வதே ஒரு பொய். அவர்களில் பெரும்பாலோர் கண்டியிலும் ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்தவர்கள். இந்த மண்ணை அதுவரை பார்த்தே இராதவர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் போனது பத்தொன்பதாம் நூற்றாண்டில். போனவர்களில் மிகப்பெரும் பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கூட்டிப்போன கங்காணி பெரும்பாலும் மேல்சாதி. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகி, அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, துண்டு தீராமல் தோட்டம் மாற முடியாது என்று ஆனது. 1921-இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். இன்றைய ஏஜென்ட் கையில் துண்டு இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறது. மற்றபடி ஆள் மாறவில்லை.

சுதந்திரம் வந்த கையோடு இலங்கை 1948-இல் குடியுரிமைச் சட்டம் போட்டது. தேயிலையைத் தன் உடம்பால் வளர்த்த ஏழெட்டு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். நூறு வருஷமாக அங்கே இருந்தவர்கள் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வந்தேறிகள். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பின்னால் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் 1974-இல் அதையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். ஏழு பேரை நீ எடு, நாலு பேரை நான் வைத்துக்கொள்கிறேன் என்ற கணக்கு. சந்தையில் மாடு பிரிக்கிறவன்கூட மாட்டைத் தடவிப் பார்ப்பான். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியக் குடியுரிமை என்று முடிவானவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு கொடுத்தார்கள். அதன் பிறகு அவர்கள் பிறந்த ஊரில், தாயும் தகப்பனும் புதைந்த மண்ணில் இருப்பதற்கே விசா! அதில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாள் தாண்டினால் சட்டவிரோதக் குடியிருப்பாளர். சேமலாப நிதி வந்து சேராததால், பிரசவம் நெருங்கியதால், மகளை அங்கேயே கட்டிக்கொடுத்ததால் நாள் தாண்டியவர்கள் ஏராளம். பிடித்துக் கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு. கீரிப்பாறைப் பையனின் ஆத்தா இதை அவனிடம் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள்: "ஜீப்பு வந்துச்சு, அடுப்புல சோறு இருந்துச்சு."

1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு ஏறத்தாழ 84,000 பேர் அங்கேயே நின்றுபோனார்கள். காகிதக் கணக்குப்படி அவர்கள் எல்லோரும் நாள் தாண்டியவர்கள். பத்தொன்பது வருஷம் அப்படியே இருந்தார்கள். 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்கிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை. நேற்று வரை குற்றவாளி, இன்று குடிமகன். ஆள் அதே ஆள், லயம் அதே லயம், கொழுந்துக் கூடையும் அதே கூடை. மாறியது கெஜட்டில் ஒரு பக்கம்.

இதை நாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நாள் தாண்டுவது கொலை களவு மாதிரியான குற்றம் கிடையாது. அரசு ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதை வைத்து உனக்குப் பெயர் வைக்கிறது. அரசுக்கு வேண்டுமென்றால் கோட்டை நகர்த்திக்கொள்கிறது.

நம் நாடு மட்டும் என்ன? 2003-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம், அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியவரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையின் தாய் தகப்பனில் ஒருவர் அந்தக் கணக்கில் வந்தாலும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. இனக்கலவரத்துக்குத் தப்பி 1983-க்குப் பிறகு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதே மாவட்டத்தில் பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் மலையகத்தாரும் உண்டு. அண்ணன் 1970-களில் ஒப்பந்தப்படி கப்பலேறினான், அவன் ரப்பர் தோட்டத்தில் இந்தியன். தம்பி பத்துப் பதினைந்து வருஷம் கழித்து உயிருக்குப் பயந்து படகேறினான், அவன் முகாமில் அந்நியன். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டு அகதிகளுக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அந்த மூன்றில் இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில், நாள் தாண்டித் தங்கும் வெளிநாட்டவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சிறையில் போட மாட்டோம், ஆனால் குடிமகன் என்றும் சொல்ல மாட்டோம் என்று அதற்கு அர்த்தம். இருக்கலாம், ஆனால் இருப்பதாகச் சொல்லக் கூடாது. சேரிக்காரனுக்கு இந்த ஏற்பாடு பரிச்சயமானது.

இப்போது நம் தோழர்களிடையே இரண்டு பேச்சு கேட்கிறேன்.

ஒன்று: "எல்லைக்கோடே அநியாயம். முதலாளியின் பணம் எல்லை தாண்டலாம், கூலிக்காரன் தாண்டக் கூடாதா? போறவன் போகட்டும், தங்குறவன் தங்கட்டும்." கேட்க நன்றாக இருக்கிறது. நானும் ஒரு கவிதையில் இப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் கவிதை எழுதிய கை எனக்கு நேராகத்தான் நீள்கிறது. அபராதத்தையும் சிறையையும் அவன் சுமக்க, எல்லையை நாம் மறுப்பது என்ன அரசியல்? 2022-இல் வேலை என்று சொல்லி இளைஞர்களை பாங்காக் வரை சுற்றுலாப் பயணிகளாகக் கொண்டுபோய், அங்கிருந்து மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் சிக்கினார்கள். தப்பி வந்தவர்களில் சிலர் தாய்லாந்தில் சட்டவிரோதமாக நுழைந்ததாகப் பிடிபட்டார்கள். கடத்தியவனுக்குப் பெயர் இல்லை, கடத்தப்பட்டவன் பெயரில் வழக்கு.

இரண்டு: "சட்டப்படி போ, இல்லைன்னா இங்கேயே இரு." இது படித்து உத்தியோகத்துக்கு வந்துவிட்ட நம் ஆட்கள் சொல்வது. இதையும் நான் சொல்லிப் பார்த்தேன். நகைக்கடன் மேசையில் வைத்து அந்தப் பையனிடம், "தம்பி, போகாதே" என்றேன். அவன் கோபப்படாமல்தான் திருப்பிக் கேட்டான்:

"இங்க மட்டும் நமக்கு நெரந்தரமாண்ணே? அம்மா ரிட்டயர்டு ஆனா குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும்லா."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அவன் சொன்னதும் ஒரு விசாதான். வேலை இருக்கும் வரை வீடு, வேலை முடிந்தால் நாள் தாண்டியவன். 2022-இல் இந்தத் தோட்டத் தொழிலாளிகள் நாளுக்கு 40 ரூபாய் கூலி உயர்வுக்காகவே வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துக் கீழே நாஞ்சில் நாட்டில் எங்கே மூன்று சென்ட் வாங்குவது? வடக்கே மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி, குத்தகை 2028-இல் முடிகிறது என்று சொல்லி 2024-இல் தொழிலாளிகளை விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட வைத்து இறங்கச் சொன்னது. நாலு தலைமுறை அங்கே செத்துப் புதைந்திருக்கிறது. அதே மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காக ஊர்வலம் போனதற்குத்தான் 1999 ஜூலை 23-இல் தாமிரபரணியில் 17 உயிர்களைக் கொடுத்தோம். கூலி கேட்டவனை ஆற்றில் தள்ளினார்கள், கூலியை வாங்கிக்கொண்டு உழைத்தவனைக் குத்தகைக் கணக்கில் வெளியே தள்ளுகிறார்கள். காளிகேசத்துக்குக் குளிக்க வருகிற உல்லாசப் பயணியும் பொழுது சாய்வதற்குள் மலையிறங்கிவிட வேண்டியவன்தான். அவனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது.

ஆகவே இரண்டு பேச்சும் போதாது. போகிறவனைத் தடுக்க நமக்கு யோக்கியதை இல்லை. தெரியாமல் போகவிடுவதற்கும் யோக்கியதை இல்லை. நிலத்தைப் பற்றி, இடஒதுக்கீட்டைப் பற்றி, தீண்டாமை வன்கொடுமைச் சட்டத்தைப் பற்றி நம் சேரிகளில் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்! கடவுச்சீட்டைப் பற்றி ஒரு கூட்டம் போட்டதுண்டா? அந்தப் பாடத்தை ஏஜென்டிடம் விட்டுவிட்டோம். மாணவத் தோழர்கள் இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தாவது ஊரில் கொடுங்கள்.

போவதற்கு முன்: ஏஜென்ட் பதிவு பெற்றவனா என்பதை அரசின் இ-மைக்ரேட் பதிவில் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டதும் எரிந்து விழுகிறவனிடம் பணம் கொடுக்காதே. ரசீது இல்லாமல் கொடுக்காதே. எந்த ஊர், எந்தக் கம்பெனி, என்ன கூலி என்று ஒப்பந்தம் கைக்கு வரட்டும். 'டூரிஸ்ட்', 'விசிட்' என்று விசாவில் இருந்தால் அது வேலை விசா அல்ல. அங்கே போய் மாற்றலாம் என்பது சில நாடுகளில் சில பேருக்கு நடக்கலாம், ஏஜென்டின் வாய் அதற்கு உத்தரவாதம் கிடையாது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறுவது ஒரு லட்சத்து இருபதாயிரத்தைவிட மலிவு.

போன பின்: கடவுச்சீட்டின் நகலும் விசாவின் நகலும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும். விசா முடிகிற தேதியை வீட்டிலும் சுவரில் எழுதி வையுங்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன்னால், நேரே குடிநுழைவுத் துறையில் அல்லது முறையான வழியில் கேட்க வேண்டும். இடைத்தரகன் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போய் "நீட்டியாச்சு" என்றால் முத்திரையைக் கண்ணால் பார்.

நாள் தாண்டிவிட்டால்: ஒளியாதே. ஒவ்வொரு நாளும் கணக்கு ஏறுகிறது. இந்தியத் தூதரகத்துக்குப் போ. கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும் ஊர் திரும்ப அவசரச் சான்று தருவார்கள். கையில் காசில்லாதவனுக்கு உதவத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. அது தர்மம் இல்லை, கேட்டு வாங்க வேண்டியது. பொதுமன்னிப்பு வருகிறதா என்று கவனி. ஐக்கிய அரபு நாட்டில் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வந்தது. மலேசியாவில் 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை 500 ரிங்கிட் கட்டி வழக்கில்லாமல் ஊர் திரும்ப விட்டார்கள். ஊரில் இருக்கிற குடும்பம் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் மனு எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் இயக்கத் தோழர் எழுதிக் கொடுக்க வேண்டும். மனு எழுதுவது புரட்சி இல்லைதான். சித்தப்பாவுக்காக 2007-இல் அப்படி ஒரு மனு எழுத எங்கள் சேரியில் ஒருத்தர் இருந்திருந்தால் பாட்டி மகன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.

கூடவே நம் கோரிக்கைகளும் இருக்கின்றன. தாயகம் திரும்பியோர் என்று அழைத்து வந்தவர்களுக்கு, அரசுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே மனைப்பட்டா கொடு. முகாமில் இருக்கும் மலையகத்தாருக்கும் ஈழத்தவருக்கும் அவர்கள் விரும்பினால் குடியுரிமை கொடு. தாட்கோ மூலம் ஆடு மாடு வாங்கக் கடன் கொடுக்கிற அரசே, முறையான வெளிநாட்டு வேலைக்குப் போகிறவனுக்கு அந்த 35,400 ரூபாயைக் கொடு. பதிவில்லாத ஏஜென்டைப் பிடி. பிடிப்பதற்குச் சட்டம் இருக்கிறது, மனசுதான் இல்லை.

அன்றைக்கு அந்தத் தாய் சங்கிலியைத் திருப்பி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். நான் ஒரு தாளில் மேலே எழுதியதைச் சுருக்கமாக எழுதிப் பையனிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எனக்குப் பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி.

பத்து நாள் கழித்து அவள் மட்டும் வந்தாள். அதே சங்கிலி. தோடும் சேர்ந்திருந்தது.

"தம்பி?" என்றேன்.

"போயிட்டான். நீங்க எழுதிக் குடுத்த சீட்டையும் கொண்டு போயிருக்கான்" என்றாள்.

படிவத்தை எடுத்தேன். நோக்கம் என்ற இடத்தில் அன்றைக்கு விவசாயம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் வெறுமனே வைத்திருந்தேன். பிறகு எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்? அவனுடைய முப்பது நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்று அவளிடம் கேட்டு, என் மேசை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்த இதழ் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு நாட்காட்டியில் ஒரு வட்டம் இருக்கும். போய்ப் பாருங்கள்.

ஜெய்பீம்.